உடுத்தும் சட்டையும் உழவுக் கருவிதான்

மண்வெட்டி வாங்கும்போது காம்பு கைக்கு அடங்குகிறதா என்று பார்க்கிறோம். கைத்தெளிப்பான் வாங்கும்போது தண்ணீர் ஊற்றி, நாசில் சீராகத் தூவுகிறதா என்று பார்க்கிறோம். ஆனால் அந்தத் தெளிப்பானை முதுகில் ஏற்றிக்கொண்டு வயலில் இறங்கும்போது எதை உடுத்துகிறோம்? நல்லது கெட்டதுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய சட்டை, மடித்துக் கட்டிய கைலி, தலையில் ஒரு துண்டு. அவ்வளவுதான். உழவுக் கருவிகளின் வரிசையில் உடையை யாரும் சேர்ப்பதில்லை.

சேர்த்தவர்கள் நம் பெண்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார்களே, அதை எந்த ஆராய்ச்சி நிலையமும் சிபாரிசு செய்யவில்லை. வெயில் கையைக் காய்ச்சுவதும், சோகையும் தாளும் அறுப்பதும் பொறுக்காமல் அவர்களே கண்டுகொண்ட பாதுகாப்பு உடை அது.

இப்போது நாடித் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் தானே அளந்து சொல்லும் சட்டைகள், உடம்பைக் குளிரவைக்கும் மேலங்கிகள், பூச்சிமருந்தின் விஷத்தை முறிக்கும் துணி என்று பலவும் வந்துவிட்டன. 'ஸ்மார்ட்' ஆடை என்று சொல்கிறார்கள். இவை நமக்கு ஆகுமா, எது முதலில் வேண்டும், யாருக்கு வேண்டும் என்று விவசாயிகள் இப்போதே யோசித்துவைத்துக்கொள்ள வேண்டும். பொருள் கடைக்கு வந்த பிறகு யோசித்தால், விற்பவர் சொல்வதே நமக்கு யோசனையாகிவிடும். என் கருத்து இது: விஷத்தை முறிக்கும் துணி இன்றே வேண்டும், அளந்து சொல்லும் கருவி ஆளுக்கொன்று வேண்டியதில்லை, அது சொல்வதைக் கேட்டு வேலையை நிறுத்தினால் கூலி குறையாது என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தச் சட்டையாலும் பயன் இல்லை.

உடம்பின் சூட்டுக் கணக்கு

உழைக்கும் உடம்பு செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை, சூடாகவே வெளிவருகிறது. அந்தச் சூட்டை உடம்பு வெளியேற்றியாக வேண்டும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானே காற்றுக்குப் போகும். வெயிலில் வேலை செய்பவரின் தோல் ஏறக்குறைய 35 டிகிரி இருக்கும். சித்திரை வைகாசியில் காற்று அதற்கு மேல் போகும்போது கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. வெளிச் சூடு உடம்புக்குள் வருகிறது. அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். 1 லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இதற்கு ஈடான குளிர்சாதனம் இன்னும் யாரும் செய்யவில்லை என்பேன்.

ஆனால் ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். நெற்றியிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வையால் உடம்புக்கு நீரும் உப்பும் நட்டமே தவிர லாபம் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர டெல்டாவில் குறுவை நடவுக்குக் குனிந்து நிற்கும் பெண், 36 டிகிரியில் படும் பாடு, காய்ந்த காற்று வீசும் தருமபுரிப் பக்கம் 39 டிகிரியில் படும் பாட்டைவிடக் கூடுதலாக இருக்கலாம். செய்தியில் சொல்லும் 'இன்று இத்தனை டிகிரி' என்பதை மட்டும் வைத்து வயல் வேலையின் அபாயத்தை அளக்க முடியாது.

இதற்காக 1950-களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில், வெயிலில் சுருண்டு விழும் வீரர்களைக் காப்பதற்கென்று ஒரு வெப்பக் குறியீட்டை வகுத்தார்கள். மூன்று வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒன்று கறுப்புக் கோளத்துக்குள் வெயில் படும்படி இருக்கும். ஒன்று நிழலில் காற்றை மட்டும் அளக்கும். ஈரக்குமிழின் அளவுக்கு 10-ல் 7 பங்கு, கறுப்புக் கோளத்துக்கு 2 பங்கு, காற்றுக்கு 1 பங்கு என்று சேர்த்துக் கூட்டினால் குறியீடு கிடைக்கும். ஈரத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு கொடுத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

சட்டையில் நெய்த கருவி

அளக்கும் ஆடைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்விக்கழகத்துப் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன். 1996-ல் அந்நாட்டுக் கடற்படையின் நிதியுதவியோடு தொடங்கிய ஆராய்ச்சியில், போர்வீரனுக்கான பனியன் ஒன்றை அவரது குழு உருவாக்கியது. துணி முழுவதும் ஒளியிழை ஓடும். குண்டு பாய்ந்தால் இழை அறுந்து, ஒளி தடைப்பட்டு, எங்கே பாய்ந்தது என்று தெரியும். நாடித் துடிப்பு, உடம்புச் சூடு முதலியவற்றை அளக்கும் சென்சார்களையும் அதே துணியில் செருகிக்கொள்ளலாம். துணியே மின்கம்பி வேலை செய்கிறது. சட்டையின் மேல் கருவியைத் தைப்பது வேறு, சட்டையையே கருவியாக நெய்வது வேறு. தறியை அறிந்தவருக்குத்தான் இரண்டாவது தோன்றும்.

இன்று வெள்ளிப் பூச்சு ஏற்றிய நூலை மார்புப் பக்கம் வைத்துப் பின்னி, இதயத் துடிப்பை எடுக்கிறார்கள். நீண்டு சுருங்கும் நூலால் மூச்சை எண்ணுகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் இவை பயன்படுகின்றன.

இதை அப்படியே வயலுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் விலை மட்டும் அல்ல. இந்தச் சட்டை சரியாக அளக்க வேண்டுமானால் தோலோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். வெயிலுக்கு நாம் கண்ட மருந்தோ தொளதொளப்பான பருத்தித் துணி. உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடினால்தான் வியர்வை ஆவியாகும். சூட்டை அளப்பதற்காகச் சூட்டைக் கூட்டும் சட்டையைப் போடுவது என்ன நியாயம்? அத்தோடு வியர்வை உப்பும், சேறும், கல்லில் அடித்துத் துவைப்பதும் அந்த மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு ஆகாதவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்பவாதம் உடம்பின் உள்சூடு ஏறுவதால் வருகிறது. சட்டை அளப்பது தோலின் சூட்டை. உள்சூட்டை நாடித் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணித்துத்தான் சொல்கிறார்கள். கணிப்பு பயனுள்ளதே, ஆனால் அது கணிப்பு. அதற்கு முழுச் சட்டை தேவையில்லை. மேற்கையில் கட்டும் ஒரு பட்டை போதும்.

ஊருக்கு ஒரு வெப்பக் குறியீட்டு மானியும், நடவு ஆட்கள் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு கைப்பட்டைகளும் இருந்தால் பெரும்பாலான பயன் கிடைத்துவிடும். பட்டையை யாருக்குக் கட்டுவது என்றால், கூட்டத்திலேயே வயதில் மூத்தவருக்கும் அன்று புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் கட்டலாம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். பழகாத உடம்புதான் முதலில் தடுமாறும்.

குளிரவைக்கும் மேலங்கிகள்

மெழுகு போன்ற பொருளைப் பைகளில் அடைத்துத் தைத்த மேலங்கி ஒன்று உண்டு. உடம்புச் சூட்டில் மெழுகு உருகும். உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ மெழுகு உருகச் சுமார் 50 கிலோ கலோரி ஆகும். 100 மில்லி வியர்வை முழுவதும் ஆவியானாலே அதற்குச் சற்று மேல் ஆகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து நிழலில் காற்றாட உட்கார்ந்தால் கிடைப்பதற்காக ஒரு கிலோவை மார்பில் சுமக்க வேண்டும். உருகிய பிறகும் சுமக்க வேண்டும். உலைக்களத்துக்கு முன் நிற்பவருக்கு அது உதவும். ஏக்கர் கணக்கில் நடப்பவருக்கு ஆகாது.

ஜப்பானியர் வேறு வழி கண்டார்கள். சோனி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த இச்சிகாயா என்பவர் வடிவமைத்த மேலங்கியில், இடுப்புக்கு மேல் முதுகுப் பக்கம் இரண்டு சிறு மின்விசிறிகள் இருக்கின்றன. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, உடம்பைத் தடவிக் கழுத்து வழியே வெளியே விடுகின்றன. அதாவது வியர்வையை ஆவியாக்குகின்றன. உடம்பின் சொந்த வழிக்கே துணை போகின்றன. அங்கே கட்டடத் தொழிலாளரும் விவசாயிகளும் கோடையில் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். களத்துமேட்டு வேலைக்கும் காய்கறி பறிப்புக்கும் இந்த வகை நமக்கும் உதவக்கூடியது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பயன் குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மருந்தடிக்கும்போது இதைப் போடவே கூடாது. அந்த விசிறி காற்றை மட்டும் இழுக்காது. மருந்துப் புகையையும் சேர்த்து இழுத்து, வியர்த்த உடம்பின் மேல் பூசிவிடும்.

மருந்தடிப்பவரின் உடை

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. விஷத்தை உள்ளே விடாத உடை, வியர்வையை வெளியே விடாது. ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் அங்கி, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு மருந்தடியுங்கள் என்று பயிற்சி முகாம்களில் சொல்கிறோம். அரைமணி நேரம் போட்டுப் பார்த்தவர் கழற்றி வரப்பில் வைத்துவிடுகிறார். அதை அலட்சியம் என்று எழுதுகிறவர்கள், பிற்பகல் 2 மணி வெயிலில் அந்த அங்கியோடு 16 லிட்டர் டேங்கைச் சுமந்து நான்கு பாத்தி நடந்துவிட்டு எழுதட்டும். குளிர்நாட்டு வயலுக்கு வகுத்த உடையை நம் வெயிலுக்குச் சிபாரிசு செய்தால் அது சாக்கில் கட்டித் தொங்கத்தான் செய்யும்.

கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்குப் போனார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தூவிய மருந்து தூவியவர் மேலேயே படிந்தது.

மருந்து மூக்கு வழியாகத்தான் போகிறது என்று எண்ணி வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். தோல்தான் பெரிய வாசல். தேய்ந்த வாஷர் வழியே கசியும் மருந்து முதுகில் வடிந்து, கைலியில் ஊறி, தொடையிடுக்கில் நிற்கிறது. அமெரிக்காவில் மைபாக் என்ற தோல் மருத்துவரும் அவரது குழுவினரும் பாரத்தியான் மருந்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 1971-ல் வெளிவந்தது. முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போல் நெற்றி சுமார் 4 மடங்கும், அக்குள் சுமார் 7 மடங்கும், விரைப்பைத் தோல் ஏறக்குறைய 12 மடங்கும் உறிஞ்சின. நாம் கையுறையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கைலியைப் பற்றிப் பேசுவதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல இது. மருந்தடிக்கும்போது கைலிக்குப் பதில் முழுக்கால்சட்டை போடுவதும், டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே இடுப்புக்குக் கீழ் வரை தொங்கும் பாலிதீன் தாள் ஒன்றைக் கட்டிக்கொள்வதும் பெரிய செலவு இல்லாத பாதுகாப்பு.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், உயிரணு ஆராய்ச்சி செய்யும் இன்ஸ்டெம் என்ற இடத்தில், முனைந்தார்கள். விஷத்தைத் துணி தடுக்க வேண்டாம், முறித்தால் போதும் என்பது அவர்கள் யோசனை. பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகளும் கார்பமேட் மருந்துகளும் நம் நரம்புக்குத் தேவையான ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் கெடுக்கின்றன. அந்த மருந்து நொதியைச் சேருமுன், துணியிலேயே பிணைத்துவைத்த ஒரு வேதிப்பொருள் அதைச் சிதைத்துவிடுகிறது. பருத்தித் துணியின் இழைவழியே காற்றும் வியர்வையும் போகும். விஷம் வழியிலேயே முறியும். 'கிசான் கவச்' என்ற பெயரில் 2024 டிசம்பரில் இது வெளியிடப்பட்டது. துவைத்துத் திரும்பத் திரும்ப உடுத்தலாம். விலை 4,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

இதில் மின்கலமும் இல்லை, மினுக்கும் விளக்கும் இல்லை. என் பார்வையில் 'ஸ்மார்ட்' ஆடை என்றால் இதுதான். ஆனால் வாங்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் அடிக்கும் மருந்துக்கு எதிராக இந்தத் துணியைச் சோதித்திருக்கிறார்களா? பாராகுவாட் போன்ற களைக்கொல்லி வேறு வழியில் கொல்வது. நரம்பு விஷத்துக்கு நெய்த துணியை எல்லா விஷத்துக்கும் கவசம் என்று நம்பி, கசியும் டேங்கைச் சரிசெய்யாமல் விட்டால் உடை வாங்கியும் பயன் இல்லை. டப்பாவைத் திறந்து மருந்தைத் தண்ணீரில் கலக்கும் சில நிமிடங்கள்தான் மிகவும் அபாயமானவை. அப்போது கையுறையும் முன்கவசமும் கட்டாயம் வேண்டும். டிரோன் வைத்து அடித்தாலும் அதில் மருந்து ஊற்றுகிறவர் ஒரு மனிதர்தான்.

யாருக்கு, யார் செலவில்?

4,000 ரூபாய் என்றதும் சிறு விவசாயி கையை விரிப்பார். அதில் தப்பில்லை. ஆண்டில் சில நாள் மருந்தடிக்க அவ்வளவு போட முடியாது. ஆனால் எந்த ஊரிலும் மருந்தடிப்பவர்கள் எல்லா விவசாயிகளும் அல்ல. டேங்குக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, ஊரார் வயலுக்கெல்லாம் நாள் தவறாமல் மருந்தடிக்கும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். விஷத்தின் பெரும்பங்கு அவர்கள் தோல் வழியேதான் போகிறது. பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. மானியம் என்றால் சிட்டா, அடங்கல் கேட்பது நம் வழக்கம். அந்த வழக்கப்படி இந்த உடையைக் கொடுத்தால், உடை பட்டாதாரர் வீட்டுப் பரணில் இருக்கும். டேங்க் வேறொருவர் முதுகில் இருக்கும். பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல், டேங்க் யார் முதுகில் என்று பார்த்து, அவரவர் அளவுக்கு அவரவர் பெயரிலேயே கொடுக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் இதைச் செய்யலாம். டிராக்டரை வாடகைக்கு விடுவதுபோல் உடையையும் வாடகைக்கு விடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் தயக்கம் உண்டு. விஷம் பட்ட உடையைக் கைமாற்றும்போது துவைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் தகராறுதான் மிஞ்சும்.

நடவு, களையெடுப்பு வேலையில் கேள்வி வேறு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டியதே. ஆனால் இறக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நடவு செய்யும் பெண்களிடம் கைப்பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்தால் கரையேறு என்றால் ஏறுவார்களா? ஏறினால் அன்றைய கூலி குறையும். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சிறுநீரகம் பழுதாகிச் சாகிறார்கள். டன் கணக்கில் கூலி என்பதால் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் வெட்டுவது அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நிகரகுவாவில் ஓர் ஆலையில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் கூட்டியபோது பாதிப்புக் குறைந்தது. அங்கே சட்டை மாறவில்லை. வேலை முறைதான் மாறியது. ஜப்பானிலும் 2025 ஜூன் முதல், வெப்பக் குறியீடு 28 அல்லது காற்று 31 டிகிரி எட்டிய இடத்தில் நெடுநேரம் வேலை வாங்குகிறவர், ஆள் தடுமாறினால் யாரிடம் சொல்வது, எப்படிக் குளிர்விப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

ஆகவே நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் பேசும்போதே மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் நிழல், குடிநீர் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடிக்கலாம். இதனால் ஏக்கருக்குக் கூலி கொஞ்சம் கூடலாம், கூடட்டும். தொழிலாளர்களுக்கும் ஒன்று: கைப்பட்டை வந்தால், அதன் கணக்கு கட்டியவருக்கே சொந்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'உனக்கு நெஞ்சு படபடக்கிறது, நாளை முதல் வராதே' என்று 55 வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்ப அது உதவுமானால், அந்தக் கருவி ஊருக்குள் வராமல் இருப்பதே நல்லது.

கருவி இல்லாமலே பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. வேலை செய்பவர் பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். வியர்த்துக்கொண்டே வெப்பவாதம் வரும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

நல்ல உடை கைக்கு வரும்வரை இருக்கும் உடையைக் கவனியுங்கள். மருந்தடித்த சட்டையையும் கால்சட்டையையும் வீட்டுத் துணியோடு போட்டு ஊறவைக்கிறார்கள். துவைக்கும் பெண்ணின் கைக்கும் குழந்தையின் சட்டைக்கும் விஷம் போகிறது. அதற்கென்று ஒரு வாளி ஒதுக்கி, அன்றே, தனியாக, கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டு இரண்டு முறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். அலசிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ போகக் கூடாது. கலக்காத மருந்து கொட்டி ஊறிய துணியை எத்தனை முறை துவைத்தாலும் விஷம் முழுவதும் போகாது. அதை மறுபடி உடுத்த வேண்டாம்.